அறுபத்தைந்து முள், அறுபத்தொரு சுளை

டியூஷன் தொழிலில் பாடம் அப்புறம். தலைகளை எண்ணுவதுதான் முதல் வேலை. அடுத்த தெருவில் செல்வராணி டீச்சர் கணக்கு வகுப்பு தொடங்கிய அன்று என் வீட்டு ஜமுக்காளத்தில் இருந்தவர்கள்: கோமதி, சங்கர், முத்துலட்சுமி, இசக்கி, பாத்திமா, இரண்டு மாரியப்பன்கள், காளிராஜ், பேச்சியம்மாள். ஒன்பது பேர். எதிர்க்கடையில் கூட்டம் சேர்வதைப் பார்த்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

ஏன்?

ஒற்றைப்படை எண்கள் இரண்டைக் கூட்டினால் இரட்டைப்படை வரும் என்றேன். ஏன் என்றாள் கோமதி, அந்த வகுப்பை ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தவள். பத்தாவது வரை படித்த என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. இருபது கூட்டல் போட்டுக் காட்டினேன். அவள் புள்ளிகளை ஜோடி ஜோடியாக வைத்து, இரண்டு பக்கமும் தனியாக நின்ற புள்ளிகளைச் சேர்த்து ஒரு ஜோடியாக்கினாள்.

“இருபது தடவை வந்தா இருபத்தோராவது தடவையும் வருமான்னு டீச்சர் கேப்பாவ சார்.”

ஆறு வரி

கோமதி நின்றுவிட்டாள். மீதி எட்டு. விடக்கூடாது என்று ஒரு வாரம் உட்கார்ந்து, ஆயிரம் வரையுள்ள பகா எண்களைக் கோடு போட்ட தாளில் எழுதினேன். நூற்று அறுபத்தொன்பது. சங்கர் டீச்சரின் கம்ப்யூட்டரில் ஆறு வரி புரோகிராம் எழுதினானாம். அது நூற்று அறுபத்தெட்டு என்றதாம். தேடினால், 667 இருபத்துமூன்றால் வகுபடுகிறது. அதை அடித்தேன். சங்கர்தான் ஆறுதல் சொன்னான்.

“விடுங்க சார், கிட்டத்தட்ட சரிதான்.”

பலாப்பழம்

மீதி ஐந்து. பழைய சுவடிக் கணக்கு ஒன்றை டீச்சர் நடத்துவதாகப் பேச்சியம்மாள் சொன்னாள்: பலாக்காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளை எவ்வளவு என்று தெரியுமாம். ஒரு பழம் வாங்கினேன். முள் அறுபத்தைந்து. கணக்குப்படி சுளை எழுபத்தெட்டு. நான் இரண்டு தடவை எண்ணியும் அறுபத்தொன்று. டீச்சர் பொய்க்கணக்கு நடத்துகிறாள் என்று பெற்றோரிடம் சொல்லிப் பிள்ளைகளைத் திருப்பிவிடலாம். முதலில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று போனேன்.

போர்டில் ஏற்கெனவே நான்கு பழங்களின் கணக்கு இருந்தது. நான்கும் தப்பு. பழைய நூலானாலும் சோதித்துப் பார்க்க வேண்டும், ஒரு பழம் பிசகினாலே விதி உடைந்தது என்பதுதான் அன்றைய பாடமாம். பலாக் கணக்கு எழுதிய என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சாக்பீஸை நீட்டினாள்.

“உங்க எண்ணிக்கையக் கண்ண மூடிட்டு நம்பலாம் அண்ணாச்சி, அஞ்சாவது பழத்த நீங்களே எழுதுங்க.”

எழுதினேன்; பிள்ளைகள் கை தட்டினார்கள்; நான் பிசகாமல் எண்ணுவேன் என்று ஊருக்கே நிரூபணமான அந்த வாரக் கடைசியில், என் ஜமுக்காளத்தில் மீதி ஒன்று.