பெரியம்மா விற்ற உழுவை

அன்று பெரியம்மாவின் அலுமினியக் கூடையில் ஓர் உழுவை மீன் கிடந்தது. முன்பாதி திருக்கை போலத் தட்டை, பின்பாதி சுறா போல நீளம். வால் கூடைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. வேறு மீனுக்கு விரித்த வலையில் சிக்கி, கரைக்கு வரும்போதே செத்திருந்த மீன். பிள்ளை பெற்ற பெண்களுக்குப் புட்டு செய்ய வீட்டுக்காரர்கள் உழுவை கேட்டு வருவார்கள் என்பதால், கடலூர் முதுநகர் சந்தையில் உட்கார்ந்து விற்கும் பெரியம்மா துறைமுக ஏலத்தில் அதைப் பிறர் எடுக்க விட்டதே இல்லை. பெரியப்பா இறந்தபின் அந்தக் கூடைதான் அவருக்குச் சோறு போட்டது.

ஜீப்பில் வந்த அதிகாரிகள் முதலில் மீனைப் படம் எடுத்தார்கள். பிறகு அதைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் பெரியம்மாவைப் படம் எடுத்தார்கள். பெரிய மீன் என்பதால் ஆசைப்பட்டு எடுக்கிறார்கள் என்று எண்ணி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு அவர் சிரித்தும் இருக்கிறார். அதன் பிறகுதான் ஜீப்பில் ஏறச் சொன்னார்கள்.

அழிந்துவரும் கடல் உயிர்களை விற்பதில்லை என்று பல நாடுகள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்திருந்தன. நம் நாடும் கையெழுத்திட்டு, சட்டத்தைத் திருத்தி, உழுவையைப் புலியோடும் யானையோடும் ஒரே பட்டியலில் வைத்திருந்தது. அந்த மீன் அருகிவருவது உண்மைதான். சிறுவயதில் நான் பார்த்த அளவில் கால்வாசிகூட இப்போது வருவதில்லை. ஆனால் சட்டம் மாறிய செய்தி துறைமுகத்துக்கு வந்தபோது, வாயில் நுழையாத பெயர்களோடு ஆங்கிலத்தில், சுவரில் ஒட்டிய ஒரு தாளாக வந்தது. பெரியம்மாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும்.

ஜாமீன் கிடைக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. சிறையிலிருந்து வந்தவரை யாரும் ஒரு சொல்கூடத் திட்டவில்லை. ஏலத்தில் அவர் கேட்கும் விலை மட்டும் எவர் காதிலும் விழாமல் போயிற்று. அவருக்கு மீன் கொடுத்தால் தங்கள் படகுக்கும் ஜீப் வரும் என்று படகுக்காரர்கள் பயந்தார்கள். கூலிக்கு இறால் உரிக்கப் போனார். சர்க்கரை உடம்பு. ஐஸ் தண்ணீரில் ஊறிய விரல்களில் இறால் முள் குத்திய புண் ஆறவேயில்லை.

நான் அப்போது சிதம்பரத்தில் ஒரு ஓட்டலில் விழா மண்டபத்தைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். கடல் பாதுகாப்பு ஒப்பந்தங்களை நடைமுறைப்படுத்துவது பற்றி அங்கே ஒரு கருத்தரங்கு நடந்தது. ஓர் அதிகாரி பேசப் பேசத் திரையில் படங்கள் மாறின. திடீரென்று பெரியம்மா வந்தார், மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தபடி. மாவட்டத்தின் முதல் வழக்கு என்று அதிகாரி சொன்னதும் கைதட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி மட்டும் எழுந்து, அந்த அம்மா இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டார். மாற்றுத் தொழிலுக்கு உதவி செய்திருக்கிறோம் என்றார் அதிகாரி. அதற்கும் கைதட்டினார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் அந்த அதிகாரியிடம் போய், அது என் பெரியம்மா, எந்த உதவியும் வரவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகவே விளக்கினார்.

"கேஸ் நடக்குதேம்மா. குற்றவாளின்னு தீர்ப்பு வந்தா உதவி குடுக்க ரூல் இல்ல. நிரபராதின்னு வந்தா, சட்டத்தால தொழில் போனவங்க கணக்குல அவுங்க வர மாட்டாங்க. அப்பவும் குடுக்க முடியாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை முதுநகருக்குப் போய்ப் பெரியம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப நான் எப்படி இருந்தா அவுங்களுக்குத் தோதுன்னு கேட்டியா?"

மழைக்காலத்தில் விரல் புண் கைக்கு ஏறியது. கையை எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை.

இப்போதும் வலையில் உழுவை விழுகிறது. செத்ததைக் கடலிலேயே வீசிவிட்டு வருகிறார்கள். எந்தக் கூடையிலும் அது இல்லை. சட்டம் நன்றாக நடப்பதாகச் சொல்கிறார்கள்.

அடுத்த வாய்தாவுக்குப் பெரியம்மாவின் இறப்புச் சான்றிதழோடு நான் போனேன். கடலூர் கோர்ட்டில் அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். மூன்றாவது முறை நான் உள்ளே போய்ச் சான்றிதழைக் கொடுத்தேன். நீதிபதி பார்த்துவிட்டு வழக்கை முடித்துவைத்தார். பெரியம்மா குற்றவாளி என்று சொல்லவில்லை. நிரபராதி என்றும் சொல்லவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.