சாயம் ஏறாத நாலு கோடு

சாயம் போடுகிறவன் கையைப் பார்த்தால், எதையோ செய்துவிட்டு ஓடிவந்தவன் கை மாதிரியே இருக்கும். சிங்காநல்லூர் மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலெல்லாம் தூக்கம் வராமல் புரள்கிற என்னை மாதிரி ஆட்களுக்குத் தெரியும், சும்மா படுத்துக் கிடப்பதைவிட அடுப்பைப் பற்றவைப்பது மேல். யாரும் சொல்லித்தரவில்லை. பழந்துணியைக் கிடைத்த தோலிலும் காயிலும் வேகவைத்து, மனசில் நிற்பதை ஒட்டுத்துணிப் படமாகத் தைத்துக்கொண்டிருந்தேன்.

வெங்காயச் சருகு

மஞ்சள் கலந்த செம்மைக்கு வெங்காயச் சருகுதான். காய்கறிக் கடையில் தினமும் ஒரு பை அள்ளிக்கொண்டு வருவேன். கடைக்காரர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, வெறும் தோலாவே கொண்டுபோறீங்க, வெங்காயம் உங்க ஊட்டுல ஆகாதுங்களா?"

ஆணிக் கஷாயம்

கருப்புக்குத் துருப்பிடித்த ஆணியைக் கருப்பட்டித் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். கடுக்காயில் நனைத்த துணியை அதில் முக்கினால் கன்னங்கரேலென்று ஏறும். பானையின் நாற்றம் பக்கத்து வீடு வரை போனது. கேட்க வந்த பக்கத்து வீட்டு அக்காவிடம் என் மனைவி சொன்னாள்:

"ஒண்ணுமில்லீங்கக்கா, மனுசன் தூக்கங்கெட்டுப் போயி ஆணிக்குக் கருப்பட்டி ஊட்டீட்டு இருக்கறாரு."

ஆரோக்கியத்தின் சட்டை

எங்கள் வீதிக்குக் கேபிள் டிவி வந்த வருஷம். முந்தின வருஷம் இறந்துபோன எங்கள் மில் ஃபிட்டர் ஆரோக்கியத்தின் மகள் ஸ்டெல்லா, அப்பாவின் வெளுத்த காக்கிச் சட்டையோடு வந்தாள். மிஞ்சியது அது ஒன்றுதான். கல்யாணமாகிக் காரமடைக்குப் போகிறவளுக்கு, அதை அங்கே சுவரில் மாட்டுகிற மாதிரி ஒரு படமாக்கித் தர வேண்டும்.

எண்ணெய் போக வேகவைத்து, கடுக்காயில் நனைத்து, ஆணித் தண்ணீரில் முக்கினேன். எல்லா இடமும் கருத்தது. இடுப்புப் பக்கம் மட்டும் நாலு கோடு பழுப்பாகவே நின்றது. உள்ளே இறங்கியிருந்த மெஷின் எண்ணெய் சாயத்தை ஏறவிடவில்லை. இன்னொரு சட்டைக்கு எங்கே போவது? மேலே ஒட்டுப் போட்டு மறைக்க ஊசி கோத்தபோது அவளே வந்துவிட்டாள்.

"கெட்டுப்போச்சு கண்ணு, மறைச்சுத் தரேன்" என்றேன்.

அவள் நாலு விரலையும் அந்தக் கோடுகள்மேல் வைத்துப் பார்த்தாள். விரலைவிடக் கோடுகள் தடிமன்.

"மறைச்சுப்போடாதீங்க மாமா, எங்கப்பா கை தொடைக்கிற எடமுங்க இது."

கோடுகளை அப்படியே விட்டுத் தைத்த படத்தைக் கல்யாணத்தன்று வீதியே பார்த்தது. இத்தனை நாள் சாயம் ஏற்றப் பழகிய எனக்கு, சாயம் ஏறாத ஒரு கறைதான் வீதியில் நல்ல பேர் வாங்கித் தந்தது.