பயிற்சியாளருக்கு ஒரு மனு

எங்கள் பல்கலைக்கழகத்துப் பெண்கள் வாலிபால் அணியை நான் முதலில் பார்க்கப் போனது பீட்சாவுக்காக. சீக்கிரம் வரும் மாணவர்களுக்கு ஆளுக்கு இரண்டு துண்டு இலவசம் என்று மெயில் வந்திருந்தது. ஆகஸ்ட் மாத ஹூஸ்டன் வெயிலில் அரங்கின் குளிர்ச்சியும் ஒரு காரணம். தின்றுவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் சர்வ் அறைந்த சத்தத்துக்குப் பிறகு எழுந்திருக்க மனம் வரவில்லை.

கரூர்ப் பக்கம் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பெண்கள் வாலிபால் அணி ஒன்று இருந்தது. நான் ஆடியதில்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஸ்கோர் எழுத உட்காரவைத்துவிடுவார்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்ததே இல்லை. எங்கள் குடும்பத்தில் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா கல்குவாரியில் லோடு ஏற்றுகிறார், அம்மா கொசுவலைக் கம்பெனிக்குப் போகிறார், இருவரும் கைநாட்டு. முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு, தெருவிளக்கு என்று எங்கள் தெருவுக்கு வேண்டிய மனுக்களை எல்லாம் ஏழாம் வகுப்பிலிருந்து நான்தான் எழுதினேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறவர்கள் ஞாயிறு சாயங்காலமே வெள்ளைத் தாளோடு வந்துவிடுவார்கள். பெருமையாகவே சொல்கிறேன், நான் எழுதிய மனுக்களில் முக்கால்வாசி பலித்தன. எப்படி எழுதினால் பலிக்கும் என்பதும் எனக்குத் தெரியும். கஷ்டம் இருக்க வேண்டும். ஒரு வேளை சாப்பிடாதவர் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று இருக்க வேண்டும். படிக்கிற அதிகாரி அதில் பாதியைக் கழித்துக்கொள்வார், மீதி உண்மையாக இருக்கும்.

அந்த முதல் ஆட்டத்தில் எனக்குப் பின்னால் ஒரு குரல் தமிழில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது.

"நாலாவது வருஷமாச்சு. இன்னுமா இவளுக்கு எம் பொண்ணு கண்ணுல படல?"

திரும்பிச் சிரித்துவிட்டேன். அந்த அம்மாள் பதறிப்போய், "ஐயோ, தமிழா கண்ணு நீ?" என்றார். நாமக்கல்காரர். பேர்லேண்டில் வீடு, ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனை லேபில் வேலை. திட்டு விழுந்தது எங்கள் அணியின் கோச்சுக்கு. கோச் ஒரு பெண்மணி, உயரமானவர், ஆட்டம் முழுக்க உட்காரவே மாட்டார்.

ஆன்ட்டியின் மகள் அணியில் இருந்தாள். ஸ்காலர்ஷிப் கொடுத்து அழைத்து வந்தவளல்ல. தேர்வு நாளில் தானாகப் போய் நின்று இடம் பிடித்தவள். பின்வரிசையில் பந்தெடுப்பதும் சர்வ் போடுவதும் அவள் வேலை. மூன்று வருடமாக விடியற்காலைப் பயிற்சிக்குப் போகிறாள், ஒரு ஆட்டத்தில்கூட இறக்கப்படவில்லை. பெஞ்சுப் பக்கத்து மூலையில் மற்ற மாற்று வீராங்கனைகளோடு வரிசையாக நின்று, ஒவ்வொரு பாயிண்டுக்கும் கைதட்டி, ஒரு குட்டி நடனம் ஆடுவாள். இதுதான் கடைசி வருடம். மே மாதம் பட்டம் வாங்கிவிட்டால் முடிந்தது.

அவளுடைய அப்பா வருவதில்லை. பெஞ்சில் நிற்பதைப் பார்க்க ஐம்பது நிமிடம் டிரைவ் பண்ண வேண்டுமா என்று கேட்டாராம். ஆன்ட்டி மட்டும் லேபில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்தார். அன்றிலிருந்து அவர் பக்கத்து இருக்கை எனக்கு. ஆட்டம் முடிந்ததும் காரில் என் அபார்ட்மெண்டில் இறக்கிவிடுவார். டப்பாவில் எப்போதும் ஏதாவது இருக்கும், தயிர்சாதமோ ஒப்புட்டோ.

மகள் எனக்குப் பழக்கமானது ஸ்கோர் எழுதும் என் பழைய புத்தியால். ஆட்டத்துக்கு முன் வார்ம்-அப்பில் எல்லோரும் சர்வ் போடுவார்கள். அவளுக்கு அது மட்டும்தான் ஆட்டம் என்பதால், அவள் போட்ட சர்வ்களை நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எத்தனை உள்ளே, எத்தனை வலையில், எத்தனை கோட்டுக்கு வெளியே. ஒரு நாள் ஆன்ட்டி அதைக் காட்டிக்கொடுத்துவிட்டார். அவள் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். கிண்டல் பண்ணப் போகிறாள் என்று நினைத்தேன். இடது மூலைக்குப் போட்டதையும் வலது மூலைக்குப் போட்டதையும் தனியாகக் குறிக்க முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தமிழ் நன்றாகப் புரியும், பேச மாட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் படிக்கட்டுக்கு வந்து, "எவ்வளவு அக்கா?" என்று கேட்பாள். அந்த நாட்களில் அவள் வாயில் நான் கேட்ட தமிழ் அவ்வளவுதான்.

செப்டம்பரில் அணி நன்றாக ஆடியது. அக்டோபரில் வரிசையாகத் தோற்றது. ஆட்களை மாற்றி மாற்றி இறக்கிப் பார்த்தார்கள், முதல் வருடப் பிள்ளைகள்கூடக் கோர்ட்டுக்குள் போய் வந்தார்கள். இவளைக் கூப்பிடவில்லை. ஒவ்வொரு தடவை கோச் பெஞ்சுப் பக்கம் திரும்பும்போதும் ஆன்ட்டி என் முழங்கையைப் பிடிப்பார். வேறு யாராவது எழுந்ததும் விட்டுவிடுவார். அக்டோபர் முடிவில் அந்தப் பிடியே நின்றுவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னார். "ஜெயிக்கணும்னு இல்ல கண்ணு. ஒரே ஒரு பாயிண்ட். அந்தக் கோட்டுக்குள்ள அவ நிக்கறத ஒரு தடவ பாத்துட்டாப் போதும்."

"ஒரு மெயில் போடலாங்க ஆன்ட்டி," என்றேன்.

யோசனை என்னுடையது. அதை நான் யார் தலையிலும் கட்ட முடியாது. ஆன்ட்டி தயங்கினார். சீசன் தொடங்கும் முன் பெற்றோர் கூட்டத்தில் கோச் சொல்லியிருந்தாராம், யார் ஆடுவது என்பதைப் பற்றிப் பெற்றோர் தன்னிடம் பேசக் கூடாது என்று. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அனுமதியின்றி உள்ளே வராதே என்று பலகை மாட்டாத ஆபீஸ் எங்கள் ஊரில் எது? அந்தப் பலகைக்குக் கீழேதான் வரிசை நிற்கும்.

"அவளுக்குத் தெரிஞ்சா?" என்றார்.

"கோச் எதுக்குங்க ஆன்ட்டி அவகிட்ட சொல்லப் போறாங்க?"

"நான் எழுதினா நாலு வரில முடிஞ்சிரும். நீயே எழுதிரு."

லேப்டாப்பை இழுத்து உட்கார்ந்தேன். ஒரு தாய் எழுதுவதாக, ஆன்ட்டியின் பெயரில். என் ஆங்கிலம் நான் சம்பாதித்தது, அன்றைக்கு அதை முழுக்கச் செலவழித்தேன். மகள் இரவெல்லாம் தூங்குவதில்லை என்று எழுதினேன். சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள் என்றும், வாழ்க்கையே வெறுத்துப்போனது போல இருக்கிறாள் என்றும். எப்போதோ ஒரு நாள் அவள் கண் சிவந்து வந்ததாக ஆன்ட்டி சொல்லியிருந்தார், மீதி மனுவின் வழக்கம். படித்துக் காட்டியபோது ஆன்ட்டிக்கே கண் கலங்கியது. கலங்கினால் பலிக்கும் என்பது என் அனுபவம்.

ஹூஸ்டனில் யாரும் பாதியைக் கழித்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை கோச்சிடமிருந்து இரண்டு வரி வந்தது. தெரியப்படுத்தியதற்கு நன்றி, உங்கள் மகளின் நலன்தான் எங்களுக்கு முதலில் முக்கியம் என்று. நாங்கள் சந்தோஷப்பட்டோம். மதியம் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்கள். தூங்காத, சாப்பிடாத, வாழ்க்கை வெறுத்த ஒரு மாணவியைப் பற்றி எழுத்தில் வந்துவிட்டால் அவர்கள் சும்மா இருக்கக் கூடாதாம், விதி அப்படி. மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்கள், பிறகு டாக்டரிடம். எடை பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். அவர்கள் சரி என்று கையெழுத்துப் போடும்வரை பயிற்சியும் இல்லை, ஆட்டமும் இல்லை. யாரும் அவளைக் கடிந்து பேசவில்லை. எல்லோரும் மிகவும் அன்பாக இருந்தார்களாம்.

அதற்கு ஒரு வாரம் ஆனது. அந்த வாரத்தில்தான் பின்வரிசையில் ஆடும் பெண்ணுக்குக் கணுக்கால் பிசகியது.

நான் அரங்கில் இருந்தேன். மகள் ஆட முடியாத ஆட்டம் என்பதால் ஆன்ட்டி அன்று வரவில்லை. அந்தப் பெண்ணைத் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். கோச் பெஞ்சுப் பக்கம் திரும்பினார். அந்த இடத்துக்கு அணியில் மிச்சமிருந்தது இரண்டே பேர், அதில் ஒருத்தி முதல் வருடம். மற்றவள் சீருடை இல்லாமல், ஜீன்ஸும் அணியின் டி-ஷர்ட்டுமாக மூலையில் நின்றுகொண்டிருந்தாள். முதல் வருடப் பெண் இறங்கினாள். மீதி இரண்டு செட்டும் முழுக்க ஆடினாள், நன்றாகவே ஆடினாள். இவள் ஒவ்வொரு பாயிண்டுக்கும் கைதட்டினாள். அந்தக் குட்டி நடனத்தையும் ஒன்று விடாமல் ஆடினாள்.

ஆட்டம் முடிந்து படிக்கட்டுக்கு வரவில்லை. நானாக வராந்தாவுக்குப் போனேன். தோழிகள் நாலைந்து பேர் பக்கத்தில் பைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் என் பக்கம் நகர்ந்து வந்தாள். பிறகு தமிழில் பேசினாள். அவர்களுக்குப் புரியக் கூடாது என்பதற்காகத்தான் என்று பிறகு தெரிந்தது.

"மெயில காட்டினாங்க. அது அம்மாவோட இங்கிலீஷ் இல்ல. நான் நல்லா சாப்பிடறேன் அக்கா. நல்லா தூங்கறேன். உங்களுக்குத் தெரியும்."

உதவத்தான் எழுதினேன் என்றேன்.

"நான் கேட்டேனா?"

ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினாள். குரல் உயரவே இல்லை. "அம்மா என்னைப் பாத்தா, பாவம்னு பாப்பாங்க. அப்பாவும் அப்படித்தான், அதான் வர மாட்டாரு. நீங்க மட்டும் அப்படிப் பாக்கலன்னு நெனச்சேன்."

அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தோழிகளிடம் போனாள். அவர்கள் என்ன என்று கேட்டார்கள் போல. ஒன்றுமில்லை, ஊர்க்கார அக்கா என்று சிரித்துக்கொண்டே சொன்னது காதில் விழுந்தது.

சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம் ஒரு சனிக்கிழமை மதியம். கடைசி வருட வீராங்கனைகளைப் பெற்றோரோடு கோர்ட்டின் நடுவில் நிறுத்திப் பூங்கொத்துக் கொடுப்பார்கள். அப்பாவும் வந்திருந்தார். ஆன்ட்டி பட்டுச்சேலை கட்டியிருந்தார். டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டதால் அவளுக்குச் சீருடை திரும்பியிருந்தது. போகலாமா வேண்டாமா என்று காலையெல்லாம் யோசித்துவிட்டு, கடைசியில் போய் ஆன்ட்டி பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

இரண்டு செட் எங்கள் அணி ஜெயித்திருந்தது. மூன்றாவதிலும் ஒன்பது பாயிண்ட் முன்னால். இனி யார் இறங்கினாலும் தோற்க முடியாது என்கிற இடத்தில் கோச் அவளைக் கூப்பிட்டார்.

ஆன்ட்டி என் முழங்கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. அவள் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். பந்தை இரண்டு தரம் தரையில் தட்டினாள். இடது மூலைக்குப் போட்டாள். எதிரணியில் யாரும் தொடவில்லை. பெஞ்சே துள்ளியது. அடுத்ததும் பாயிண்ட். மூன்றாவதை அவர்கள் எடுத்துத் திருப்பி அடித்தார்கள், பந்து எங்கள் பக்கத் தரையில் விழுந்தது. அவளை வெளியே அழைத்துக்கொண்டார்கள். மொத்தம் மூன்று சர்வ்.

அந்த இரண்டு பாயிண்டும் அவள் கையால் வந்தவை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவளைக் கோட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியது எது? நாலு வருடப் பயிற்சியா, நான் எழுதிய அழுகையா? எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது, கணுக்கால் பிசகிய அந்த நாள். அதை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். வெளியே வந்து எல்லோர் கையிலும் தட்டிக்கொண்டே போனவள், கோச்சின் கையைத் தட்டும்போது மட்டும் தரையைப் பார்த்தாள்.

ஆட்டத்துக்குப் பிறகு அவள் தோழிகளோடு சாப்பிடக் கிளம்பிவிட்டாள். அவளுடைய அப்பா தன் காரில் முன்னால் போய்விட்டார். எப்போதும் போல ஆன்ட்டி என்னைக் கொண்டுபோய் விட வந்தார். ஃப்ரீவேயில் ஏறியதும் பேசத் தொடங்கினார். மகள் இரண்டு வாரமாக முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறாளாம், இன்றைக்குக் கோர்ட்டில் இறங்கிவிட்டாள் அல்லவா, இனிச் சரியாகிவிடுவாளாம். கணுக்கால் பிசகிய ஆட்டத்தைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியது நான்தான். வாயைத் திறந்தேன்.

"உன் லெட்டர்தான் கண்ணு," என்றார் ஆன்ட்டி. பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கல்ல கரைச்சிருச்சு பாரு. இதுக்குத்தான் பொம்பளப் புள்ளைங்க படிக்கணுங்கறது."

ஆமாங்க ஆன்ட்டி என்றேன். அவர் என் கையை விடவில்லை. எக்ஸிட் வரும்வரை நானும் இழுத்துக்கொள்ளவில்லை.