பன்றிக்குக் கரைத்த மருந்து

எங்கள் வீட்டு மருந்தெல்லாம் வீட்டுக்குள் இல்லை, பன்றிக் கொட்டகையில் இருந்தது. பந்தலூரில் மழை பிடித்தால் லேசில் விடாது. பன்றி ஒன்று இருமினால் போதும், என் வீட்டுக்காரர் ஆன்டிபயாடிக் பவுடர் டப்பாவைத் திறந்துவிடுவார். இருமாவிட்டாலும் திறப்பார். கூடலூர் ஓட்டல்களிலிருந்து வரும் மிச்சச் சோற்றைத் தகர டிரம்மில் கொதிக்கவைத்து, ஆறியதும் ஒரு கை பவுடரை அள்ளிப் போட்டுக் கலக்குவார். அளவு என்று ஒன்று கிடையாது. நான் ரசத்துக்கு உப்புப் போடுவதே அதைவிட நிதானமாக இருக்கும்.

பெற்ற பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால், "வெந்நி வெச்சுக் குடு, சரியாப் போகும்" என்பார். பன்றிகளுக்கு மட்டும் ராஜ வைத்தியம்.

ஒருமுறை வந்த கால்நடை மருத்துவர் பொறுமையாகத்தான் சொன்னார். "ஏனுங்க, நோவில்லாத பன்னிக்கு எதுக்குங்க மருந்து? இப்படியே குடுத்தா கிருமி பழகிக்கும். நெசமாவே நோவு வரும்போது மருந்து கேக்காதுங்க."

"நீங்க சொன்னாச் சரிங்க" என்று என் வீட்டுக்காரர் டீ கொடுத்து அனுப்பிவைத்தார். ஜீப் வளைவு திரும்புவதற்குள் டப்பா திறந்துவிட்டது. "அவரு என்ன பன்னி வளர்த்தா பொழைக்கறாரு?" என்று என்னிடம் கேட்டார்.

போன மழையில் கொட்டகைத் தகரம் அவர் காலைக் கிழித்தது. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளே பன்றிக் கழிவுக்குள் இறங்கினார். கால் வீங்கிச் சீழ் வைத்தது. உள்ளூர் மாத்திரைக்கு அது அசையவில்லை, கூடலூரில் போட்ட ஊசிக்கும் அசையவில்லை. கடைசியில் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனோம்.

அங்கே சீழைச் சோதித்த டாக்டரம்மா, என்ன தொழில் என்று விசாரித்தார். பன்றிகளுக்கு என்ன மருந்து கொடுக்கிறோம் என்றும் கேட்டார். நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த மருந்தெல்லாம் பாத்துப் பழகின கிருமிதான் இவரு கால்ல இருக்குது. பன்னிகிட்ட இருந்து வந்திருக்கலாம். கேக்கும்னு இப்ப நம்பறது ஒரே ஒரு மருந்துதான். அதுக்கும் அடங்கலைன்னா முழங்காலோட எடுக்கணுங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் தேம்பி அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அந்த டப்பாவை அவர் தலையில் கவிழ்க்க வேண்டும்போல ஆத்திரமும் வந்தது. "கால் மட்டும் தப்பட்டும். சாமி சத்தியமா இனி அந்த டப்பாவைத் தொடமாட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

புது மருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் போர்வையை விலக்கிக் காலைப் பார்ப்பதே என் வேலையாக இருந்தது. வீக்கம் மெல்ல வடிந்தது. கால் தப்பியது.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் டாக்டரம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டவர் அங்கேயே நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏனுங்க மேடம், இந்த மருந்து பவுடராக் கெடைக்குமாங்க?"