நிறைஞ்சிருக்கு

மணமேல்குடிக் கடற்கரையில் என் வீட்டுக்காரர் சாப்பாட்டுக் கிளப்பு வைத்தபோது, துரைமார் எல்லாம் கடலில் குளித்துவிட்டு நம்மிடம்தான் சாப்பிட வருவார்கள் என்று நம்பினார். கொழும்பில் பெரிய ஓட்டலில் வேலை பார்த்த மனுஷர். எங்கள் கடலிலோ அலையே கிடையாது, முழங்கால் ஆழத்துக்குச் சேறு. குளித்துக் கரையேறியவன் இன்னொரு தடவை குளிக்க வேண்டும். துரை வரவில்லை. கருவாட்டு வியாபாரிகள் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஈ வந்தது.

அதற்காக மரியாதை குறைந்துவிடுமா? பரிமாறுவது என் கொழுந்தன் ஒருவன்தான். அவன் தோளில் வெள்ளைத் துண்டு போட வேண்டும், குனிந்து பேச வேண்டும், என்ன கேட்டாலும் ‘இல்லை’ என்ற சொல் வாயில் வரக்கூடாது. வீட்டில் அரிசி தீர்ந்தால் லட்சுமி கோபித்துக்கொள்ளாமல் இருக்க ‘நிறைஞ்சிருக்கு’ என்போமே, அதையே என் வீட்டுக்காரர் கிளப்புக்கும் சட்டமாக்கிவிட்டார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது புரியும். “இட்லி நிறைஞ்சிருக்குங்க” என்றால் பேசாமல் எழுந்து போய்விடுவார்கள்.

யுத்தத்தில் பர்மா அரிசி வருவது நின்றுபோன சமயம். கிளப்பு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் உப்பு இலாகாவுக்குப் புது அதிகாரி வந்தார். தெலுங்கு தேசத்துக்காரர், தமிழைப் புத்தகத்தில் படித்தவர். சாப்பாடு அவருக்குப் பிடித்துவிட்டால் அவருடைய ஆட்களுக்கெல்லாம் தினமும் எங்களிடம்தான் சாப்பாடு. இல்லாவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான். அவர் சொல்லாமல் கொள்ளாமல், பந்தி முடிந்து பானை கழுவும் வேளையில் வந்து உட்கார்ந்தார்.

“சோறு இருக்கா?”

“நிறைஞ்சிருக்குங்க” என்றான் கொழுந்தன், இலையைப் போட்டபடி.

“சாம்பார்?”

“அதுவும் நிறைஞ்சிருக்குங்க.”

“ரசம்?”

“எல்லாமே நிறைஞ்சிருக்குங்க.”

அதிகாரி சந்தோஷமாக இலையில் தண்ணீர் தெளித்துக் காத்திருந்தார். இலை காய்ந்தது. மறுபடி தெளித்தார். என் வீட்டுக்காரர் துண்டும் கையுமாக வேர்த்துக்கொண்டு நின்றார்.

“இவ்வளவு வைத்துக்கொண்டு ஒரு மனிதனுக்குப் போட மனம் இல்லையா?” என்று அதிகாரி எழுந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்படியிலிருந்து கத்தினேன். “இல்லைங்க! சோறும் இல்லை, சாம்பாரும் இல்லை, ஒரு எழவும் இல்லை! செத்த உக்காருங்க, ஒலை வைக்கிறேன்.”

அவர் உட்காரவில்லை. மறுநாளிலிருந்து அவருடைய ஆட்கள் கடைத்தெரு ஆப்பக்காரியிடம் சாப்பிட்டார்கள். ஆப்பம் தீர்ந்தால் அவள் ‘இல்லை’ என்றே சொல்வாள், கூடவே வசவும் வைப்பாள்.

“நீ வாயால சொன்ன, போயிருச்சு பாத்தியா” என்றார் வீட்டுக்காரர்.

“இருந்தாத்தானே போறதுக்கு” என்றேன். நான் சும்மா இருப்பேனா?

தை மாதம் கிளப்பை மூடினோம். பாத்திரங்களைப் பின்வாசலில் வண்டியேற்றிவிட்டு, வீட்டுக்காரர் முன்கதவைப் பூட்டப் போனார், நானும் கூடப் போனேன். அமாவாசைக்குக் கடலாட வந்த ஒரு குடும்பம் அங்கே வண்டியை நிறுத்தியது.

“இங்கிட்டுத் தங்க எடம் இருக்குங்களா?”

அவர் பூட்டை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டார். “நிறைஞ்சிருக்குங்க” என்றார்.

“பெரிய கிளப்பு. நம்மளுக்கு எங்க கெடைக்கும்?” என்று வண்டிக்குள் ஓர் அம்மாள் சொல்வது கேட்டது. அவருக்கும் கேட்டது. வண்டி போகும்வரை தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார்.

நாக்கு நுனிவரை வந்துவிட்ட ‘இல்லை’யை விழுங்கிக்கொண்டு, பின்வாசலுக்குப் போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.