ஆம்பூர்த் தண்ணீரில் கழுவிய பொடி

எங்கள் ஃபீபி மேடத்துக்குக் கோபம் வந்தால் கெமிக்கல் என்ஜினீயரிங் துறையே பம்மும். வேலூரில் அவருடைய ஆய்வகத்தில் உதவியாளனாக இருபது வருடம் குப்பை கொட்டியவன் நான். அதனால் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

1998 கோடையில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற குறைகடத்தியை நானோ பொடியாக்கினார். அந்தப் பொடிக்குப் பக்கத்தில் வைத்தால் முகப்பவுடர்கூட ஜல்லிதான். தோல் சாயம் கலந்த தண்ணீரில் அதைப் போட்டு வெயிலில் வைத்தால் இரண்டே மணி நேரத்தில் நிறம் ஓடிப்போயிற்று. அவர் எழுதிய கட்டுரையை வெளிநாட்டு இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. பல வருடம் காத்திருந்த பேராசிரியர் பதவிக்கு அந்தக் கட்டுரையைத்தான் நம்பியிருந்தார்.

ஆனால் அடுத்தடுத்துச் செய்த பொடி எதுவும் அப்படி வேலை செய்யவில்லை. மாணவி கேத்தரின் அழாத குறை. அந்தப் பதவிக்கான நேர்முகத் தேர்வுக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

"மேடம், மொதல் பொடிய நான் டிஸ்டில்டு வாட்டர்ல கழுவல. அப்ப காலேஜ்ல தண்ணி வரல. எங்க ஊட்டு போர் தண்ணிய கேன்ல எடுத்தாந்தேன்."

"ஆம்பூர்ல, அந்தத் தோல் கம்பெனி பக்கத்து போரா?"

"ஆமா மேடம். குடிக்கத்தான ஆகாது, கழுவறதுக்கு இன்னான்னு நெனச்சிட்டேன்."

வெடிப்பார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "எழுதினபடி செஞ்சா வராதத எப்படி அச்சுல போடறது கோதண்டராமன்?" என்றார். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அன்றே அனுப்பினார். பதவி வேறொருவருக்குப் போயிற்று. நான் கூனிக் குறுகிப் போனேன்.

மேடமோ அடுத்த வாரமே அந்தத் தண்ணீரை ஒரு கேன் கேட்டார். தோல் பதனிடும் குரோமியம் அதில் இருந்தது. அதுதான் பொடியில் சேர்ந்து வெயிலை நன்றாகப் பிடிக்க வைத்திருக்கிறது. அளந்து கலந்து, திரும்பத் திரும்பச் செய்து நிரூபிக்க மூன்று வருடம் பிடித்தது.

2002இல் பேராசிரியர் ஆனார். அந்த நேர்முகத் தேர்வுக்கு மாதிரிப் புட்டிகளைத் தூக்கிக்கொண்டு நானும் உள்ளே போயிருந்தேன். குழுவில் ஒருவர், "பழைய கட்டுரையை வாபஸ் வாங்கியிருக்கீங்களே, யார் செஞ்ச தப்பு?" என்று கேட்டார்.

"என் லேப்ல நடந்தது சார். என் தப்பு."

மூலையில் நின்ற என் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. அவரிடம் வேலை பார்த்தவன் என்று சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.