ஸ்கேன் அறையில் நான் வாயைத் திறந்தபோது

எங்கள் வேலையில் வருகிறவரிடம் முதலில் கேட்பது பெயரும் இல்லை, நோயும் இல்லை, "தண்ணி குடிச்சீங்களா?" என்பதுதான்.

நான் டொக்டர் இல்லை. கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில் டொக்டருக்குப் பக்கத்தில் நின்று கைவேலை செய்தவள். பெயர் கூப்பிடுவது, கட்டிலில் படுக்க வைப்பது, வயிற்றில் பசை பூசுவது, முடிந்ததும் துடைத்துவிடுவது, டொக்டர் சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் சொல்வது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இந்த வேலை கிடைத்ததே அந்த இரண்டு பாஷையால்தான். இப்போது பிள்ளைகள் மூன்று பேரும் தலையெடுத்துவிட்டார்கள். சும்மா இருக்கிற நேரத்தில் எழுதுங்கம்மா என்று மகள் ஒரு கொப்பி வாங்கித் தந்தாள். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, எங்கள் வாசலில் கதிரை நுனியில் உட்கார்ந்து, "இன்னும் எத்தனை பேர் மிஸ்?" என்று கேட்டவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். அந்த அவஸ்தை தெரிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

துணைக்குக் குடித்தவர்

சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் கர்ப்பப்பை படத்தில் தெளிவாகத் தெரியும். அதனால் பெண்களுக்கு ஐந்து கிளாஸ் தண்ணீர் கட்டாயம். ஒரு நாள் கட்டுகஸ்தோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் ஒருவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு கிளாஸோடு அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மனுஷன் பார்த்தார். "நீ ஒண்டு குடி, நான் ஒண்டு குடிக்கிறன்" என்று துணைக்குக் குடிக்கத் தொடங்கிவிட்டார்.

அவளுக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். அரை மணி நேரத்தில் அந்தப் பெண் அசையாமல் உட்கார்ந்திருக்க, அவர் மூன்று தரம் கழிப்பறைக்கு எழுந்து ஓடிவிட்டார். நான்காம் தரம் ஓடும்போதுதான் நான் அவளுடைய பெயரைக் கூப்பிட்டேன். அவள் எழுந்து வந்து என் காதில் மெதுவாகச் சொன்னாள்: "மிஸ், அவருக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க. குடிச்ச தண்ணி எல்லாம் வீணாப் போற."

விளக்கு வைத்த தாயத்து

இடுப்பில் கயிறு, தாயத்து கட்டாமல் எங்கள் அறைக்கு வந்த பெண்கள் குறைவு. எந்தச் சமயமானாலும் அப்படித்தான். பசை படாமலிருக்க அதைக் கழற்ற வேண்டும். ஆனால் கீழே வைக்க யாருக்கும் மனம் வராது. ஆகவே ஸ்கேன் முடியும் வரை நான் உள்ளங்கையில் பொத்தி வைத்திருப்பேன். அது என் வேலையில் சேர்ந்ததில்லை, ஆனாலும் எனக்குப் பிடித்த வேலை.

ஒரு சிங்களப் பெண்ணின் வெள்ளித் தாயத்தைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, திருப்பிக் கொடுக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாமிப் படத்துக்கு முன்னால் அதை வைத்து, விளக்கேற்றி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். காலையில் அவள் தேடி வந்தாள். நடந்ததைச் சொல்லி இரண்டு கையாலும் நீட்டினேன். அவள் சிங்களத்தில் சொன்னது இது: "எங்க வீட்டுல அதுக்கு யாரும் விளக்கு வைக்கிறதில்ல அக்கா, இன்னும் ஒரு கிழமைக்கு நீங்களே வச்சிருங்களேன்."

அசையாத முகம்

வேலைக்குச் சேர்ந்த அன்றே டொக்டர் எனக்கு ஒரு சட்டம் சொல்லித் தந்தார். திரையில் என்ன தெரிந்தாலும், அவர் சொல்வதற்கு முன் நான் வாயாலும் சொல்லக்கூடாது, முகத்தாலும் சொல்லக்கூடாது. படுத்திருக்கிறவர்களுக்குத் திரை விளங்காது. என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நானும் முகத்தை மரப்பலகை மாதிரி வைத்துக்கொள்ளப் பழகினேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியிலேயே தங்கிவிட்ட வாத்தியார் ஒருவர், ஓய்வு பெற்றவர், வயிற்று வலி என்று வந்தார். பித்தப்பையில் சின்னதாக ஒரு கல். டொக்டர் அளந்துகொண்டிருந்தார், நான் பழகிய முகத்தோடு நின்றேன். பிறகு டொக்டர், பயப்பட ஒன்றுமில்லை, மருந்து போதும் என்றார். வாத்தியார் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, கல்லுக்கு நான் பயப்பிடேல்லை. உம்மட முகத்தைப் பார்க்கத்தான் எனக்குச் செத்தவீட்டுக்கு வந்த மாதிரிக் கிடந்தது."

சொல்லக் கூடாததைச் சொன்னேன்

கெலிஓயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து சுமதி என்று ஒரு பெண் மாமியாரோடு வந்தாள். கொழுந்து பறிக்கிறவள். ஏற்கெனவே இரண்டு கரு தங்காமல் போயிருந்தது. இது மூன்றாவது, நாள் தள்ளிக் கொஞ்சக் காலம்தான். பசை பூசும்போது அவளுடைய வயிறு நடுங்கியது, குளிரால் இல்லை.

டொக்டர் வெகுநேரம் பார்த்தார். கரு தங்கிய சின்னப் பை தெரிகிறது, ஆனால் துடிப்புத் தெரியவில்லை. கரு உண்டான நாள் கணக்கைவிடப் பிந்தியிருக்கலாம், இல்லாவிட்டால் இதுவும் போயிருக்கலாம். இரண்டு கிழமை, பதினாலு நாள், கழித்து வரட்டும் என்றார். நான் அப்படியே தமிழில் சொன்னேன். அதுவரை சரி. டொக்டர் எழுதுவதற்குத் திரும்பியதும், சுமதி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, நீங்க சொல்லுங்கம்மா" என்றாள். என் மூத்த மகளின் வயதுதான் இருக்கும். முருகா, இந்தப் பிள்ளைக்கு ஒரு வழி காட்டு என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். வேண்டுதல் எப்படி வாய்க்கு வந்ததோ தெரியாது. "பயப்படாதீங்க மகள், புள்ள நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். சிரித்தும் விட்டேன்.

கதவடியில் நின்ற மாமியாருக்கு அது கேட்டுவிட்டது. வராந்தா முழுவதும் கேட்க அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது: "கேட்டியாடி சுமதி? ஸ்கேன் அம்மாவே பார்த்துச் சொல்லிட்டாங்க, இனி என்ன பயம்!"

திருப்பி எடுக்க முடியாதது

அன்று இரவெல்லாம் அதே யோசனை. அடுத்த தரமும் துடிப்பு இல்லாவிட்டால்? இரண்டு தரம் பட்ட துக்கத்தோடு மூன்றாம் தரம் ஏமாற்றமும் சேரும். அந்த ஏமாற்றம் நான் கொடுத்தது. மறுநாள் டொக்டரிடம் போய் ஒளிக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "இவ்வளவு படிச்சும் எனக்குச் சொல்லத் தைரியம் வரல்ல, நீங்க சொல்லிட்டீங்களே அக்கா" என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு, போன் எடுத்துச் சரியாகச் சொல்லிவிடுங்கள் என்றார்.

படிவத்தில் இருந்த நம்பருக்கு எடுத்தேன். மாமியார்தான் பேசினார். "அம்மா, நான் சொன்னது ஆறுதலுக்குத்தான். அது ரிப்போர்ட் இல்ல. புள்ள இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இன்னும் ஒண்ணும் தெரியாது" என்று திக்கித் திக்கிச் சொன்னேன். வந்த அன்றே தோட்டத்து லய வீடுகளில் எல்லோருக்கும் சொல்லி, மாரியம்மன் கோயிலில் பொங்கலும் வைத்துவிட்டார்களாம். கடைசியில் அவர் கேட்டார்: "சரிங்கம்மா, சுமதிகிட்ட சொல்லிடுறேன். ஆனா சாமிக்கு வச்ச பொங்கல திருப்பி அரிசியாக்க முடியுமா?"

இரண்டு கிழமை கழித்து

அந்த இரண்டு கிழமையும் நான் கந்தசஷ்டி விரதம் மாதிரி ஒரு நேரச் சாப்பாட்டோடு இருந்தேன். வீட்டில் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன். சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு அவர்கள் வந்தார்கள். சுமதி ஐந்து கிளாஸையும் மறுபேச்சில்லாமல் குடித்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்கும் பார்க்க முகமில்லை.

பசை பூசிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரையைப் பார்க்கிற தைரியம் இல்லை. டொக்டருடைய கை அங்கே இங்கே போனது, பிறகு ஓரிடத்தில் நின்றது. "அக்கா, மெதன பலன்ன" என்று இங்கே பார்க்கச் சொன்னார். பார்த்தேன். சாம்பல் நிறத்துக்கு நடுவில் பயற்றம்பருப்பு அளவில் ஒன்று; அதன் நடுவில் மினுக், மினுக் என்று ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. "அவளுக்குச் சொல்லுங்க" என்றார் டொக்டர்.

சொல்ல வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. கண்ணீர்தான் பொலபொலவென்று வந்தது. சுமதி என் முகத்தைப் பார்த்தாள். அடுத்த நொடி, "ஐயோ, இதுவும் போச்சா!" என்று கட்டிலிலிருந்து எழுந்துவிட்டாள். மாமியார் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். நான் இல்லை இல்லை என்று கையை ஆட்ட ஆட்ட, அவர்களுக்கு அது பிள்ளை இல்லை என்பதாகவே பட்டது. கடைசியில் டொக்டர்தான் தனக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லோடு, பிள்ளைக்குச் சிங்களத்தில் சொல்லும் பபாவையும் கூட்டி, "அழ வேணாம், அழ வேணாம், பபா இருக்கு! நல்லா இருக்கு!" என்று சொல்லி, திரையை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டார்.

சுமதி அந்த மினுக்கலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள். பசை காயாத கை. மாமியார் முதலில் திரையைப் பார்த்துக் கும்பிட்டார், பிறகு டொக்டரைப் பார்த்துக் கும்பிட்டார். என்னை மட்டும் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அன்னைக்கு ஒண்ணும் தெரியாமச் சிரிச்சீங்க, இன்னைக்கு எல்லாம் தெரிஞ்சு அழுவுறீங்க, இனிமே எங்க ஆளுங்க வந்தா நேரா அந்த டிவியவே காட்டிருங்கம்மா."

அந்த அறையில் இருந்த வருஷமெல்லாம் சேர்த்து நான் படித்தது இவ்வளவுதான்: முருகனிடம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம், கட்டிலில் படுத்திருக்கிறவர் காதில் விழாமல் பேசினால் போதும்.